குறியுட் குறி: ஆவணப் படியெடுப்பு

ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்போர், சிதைந்த எழுத்துக்களைத் தம் ஊகத்தால் நிரப்புங்கால் அவற்றைப் பகர அடைப்புக்குள் இட்டுக் காட்டுதல் உண்டு. அவ்வடைப்பு நீங்குமாயின் பதிப்பாசிரியர் சொல் நூலாசிரியர் சொல்லாகிவிடும். கணினியிற் பதிப்புப் பணி செய்வோர்க்கும் இவ்விடர் உண்டு. அது நேருமாற்றையும் தவிர்க்குமாற்றையும் ஈண்டு நோக்குவாம்.

1998ஆம் ஆண்டில் வெளிவந்த எக்ஸ். எம். எல். என்பது, ஒரு பகுதியின் முன்னும் பின்னும் குறியிட்டு அதன் தன்மையை உணர்த்தும் முறையாகும். ஒரு குறியினுள் மற்றொன்று அடங்கலாம். பத்தியினுள் மேற்கோளும், மேற்கோளினுள் நிரப்பிய எழுத்தும் அமைதல் போல. 1987இல் தொடங்கிய ரெக்ஸ்ற் என்கோடிங் இனிஷியேற்றிவ் வகுத்த நெறியில், நிரப்பிய பகுதிக்குரிய குறி 'சப்ளைட்' என்பதாம். இத்தகைய ஆவணத்தை வேற்றுருவாக்கும் மொழியே எக்ஸ். எஸ். எல். ரி.; அதன் முதற் பதிப்பு 1999இல் வெளியாயிற்று.

அம்மொழியில் 'வலியூ-ஒவ்' என்னும் கட்டளை எழுத்தை மாத்திரம் எடுத்து, உள்ளிருக்கும் குறிகளைக் கைவிடும். விதியெதுவும் எழுதாவிடத்தும், மொழியில் இயல்பாயமைந்த விதிகள் அவ்வாறே செய்யும். சொல்லொன்றும் குறையாது, பிழையறிவித்தலும் தோன்றாது. ஆதலின் இழப்பை எளிதிற் காணல் அரிது.

'கொப்பி-ஒவ்' என்னும் கட்டளையோ குறிகளையும் அவற்றுள் அடங்கியனவற்றையும் முழுவதுமாகப் படியெடுக்கும். ஆயினும் இடையில் யாதொன்றையும் மாற்ற அஃது இடந்தராது.

படியெடுத்தலும் மாற்றுதலும் ஒருங்கு வேண்டுவோர் மூன்றாவது வழியைக் கொள்வர். 'கொப்பி' என்னுங் கட்டளை தான் நிற்கும் குறியை மாத்திரம் படியெடுக்கும். அதனுள் 'அப்ளை-ரெம்பிளேற்ஸ்' என்பதை அமைத்து, அக்குறியின் பண்புகளையும் உள்ளுறுப்புக்களையும் அதே விதிக்கு அனுப்புதல் வேண்டும். அவையும் தத்தம் உள்ளுறுப்புக்களை அவ்வாறே அனுப்பும். இங்ஙனம் எத்துணை ஆழத்திலுள்ள குறியும் தவறாது வந்தெய்தும்.

இனி, 'சப்ளைட்' குறியைப் பகர அடைப்பாக்க வேண்டின், அதற்கெனத் தனிவிதி ஒன்று போதும்: அடைப்பைத் திறந்து, உள்ளுறுப்புக்களை விதிகளுக்கு அனுப்பி, அடைப்பை மூடுக. பெயர் சுட்டிய விதி பொதுவிதியினும் முந்துமாதலால், ஏனைய குறிகள் மாறாது நிற்கும். 2017இல் வெளியான மூன்றாம் பதிப்பில், பொதுவிதியை எழுதுதற்கு மாறாக 'ஷலோ-கொப்பி' எனும் அறிவிப்பொன்றே அமையும்.

அச்சுக்கு அனுப்புமுன், மூலத்தில் நிரப்பற் குறிகள் எத்தனை, விளைவில் அவற்றுக்கீடான அடைப்புக்கள் எத்தனை என எண்ணி ஒப்புநோக்குக. எண் குறையுமாயின், பதிப்பாசிரியர் ஊகம் எங்கோ மூலபாடமாகிவிட்டது என்க.