பெறுநர் பொறுப்பிலுள்ள சொத்தும் கிரய உடன்படிக்கையும்

பெறுநர் (ரிசீவர்) என்பவர், வழக்கு நிலுவையில் உள்ள காலத்தில் ஒரு சொத்தைப் பாதுகாக்கவும் நிருவகிக்கவும் நீதிமன்றத்தால் நியமிக்கப்படுபவர் ஆவார். இந்தியாவில் 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 40 ஆம் கட்டளை இந்நியமனத்துக்கு வழிசெய்கிறது. அச்சொத்தை வாங்க உடன்படிக்கை செய்துள்ளதாக வேறொருவர் உரிமை கோரும்போது பிணக்கு எழுகிறது.

நீதிமன்ற அனுமதி

பெறுநர் வசமுள்ள சொத்து நீதிமன்றத்தின் காவலில் உள்ளதாகக் கருதப்படும். நீதிமன்றம் அனுமதித்தால் அன்றி அவர் அதனை விற்க இயலாது. அவர் மீது வழக்குத் தொடரவும் அனுமதி தேவை. எனினும், அனுமதியின்றித் தொடங்கிய வழக்கில் அதனைப் பின்னர் பெற்றும் குறையைச் சரிசெய்யலாம் என எவரெஸ்ட் நிலக்கரி நிறுவனம் எதிர் பீகார் மாநிலம் வழக்கில் (1977) உச்ச நீதிமன்றம் கூறியது.

உடன்படிக்கையின் வலு

1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 54 ஆம் பிரிவின்படி, கிரய உடன்படிக்கை மட்டுமே சொத்தில் எவ்வித உரிமையையும் உருவாக்காது. அதனை நிறைவேற்றித் தரும்படி கோரும் உரிமையையே அது தருகிறது. இது 'ஏற்றதை ஆற்றுதல்' எனப்படும். இவ்வழக்கைப் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். வாங்குபவர் தாம் எப்போதும் தயாராகவும் விருப்பத்துடனும் இருந்ததை மெய்ப்பிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கிரய உடன்படிக்கையைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. பதிவான உடன்படிக்கை வில்லங்கச் சான்றில் இடம்பெறும்.

எடுத்துக்காட்டு

திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் உடன்பிறந்தோர் இருவருக்குப் பொதுவான மனை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பாகப்பிரிவினை வழக்கில் பெறுநர் நியமிக்கப்பட்டபின், மூத்தவரிடம் முன்பே முன்பணம் கொடுத்து உடன்படிக்கை எழுதியதாக ஒருவர் கூறுகிறார். அது உண்மையெனில், பெறுநர் நியமனத்தால் மட்டும் அவ்வுடன்படிக்கை அழிந்துவிடாது. ஆயினும் இளையவரின் இசைவோ அவர் சார்பில் விற்கும் அதிகாரமோ இன்றி மூத்தவர் மட்டும் கையெழுத்திட்டிருந்தால், இளையவரின் பங்கைப் பொதுவாக அது கட்டுப்படுத்தாது.

மறுபுறம், இளையவரை ஏமாற்றுவதற்காகப் பழைய நாளிட்டு அது பின்னர் எழுதப்பட்டிருக்கவும் கூடும். ஆகவே முத்திரைத்தாள் வாங்கிய நாள், பணம் கைமாறியதற்கான சான்று, சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவை ஆராயப்படும். வாய்மொழி உடன்படிக்கையாயின் அதனை மெய்ப்பிக்கும் சுமை மிகுதி என உச்ச நீதிமன்றம் 1990 இல் தீர்ப்பளித்துள்ளது.

முன்பணம்

கிரயம் மறுக்கப்பட்டால் முன்பணத்தைத் திரும்பப் பெற 1963 ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம் 22 ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் அதனை வழக்குரையிலேயே கோரியிருக்க வேண்டும். விடுபட்டிருந்தால், வழக்குரையைத் திருத்திச் சேர்க்க நீதிமன்றம் அனுமதிக்கலாம்.