வீட்டுக்குச் செயற்கைக் கிறிஸ்துமஸ் மரம் தேர்ந்தெடுத்தல்

செயற்கைக் கிறிஸ்துமஸ் மரம் என்பது ஊசியிலை மரத்தைப் போலப் பிளாஸ்டிக்காலும் கம்பியாலும் செய்யப்பட்டு, கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் வீட்டில் வைத்து அலங்கரிக்கப்படும் பொருள். தமிழ்நாட்டில் முன்பு பெரும்பாலான வீடுகளிலும் பள்ளிகளிலும் இந்த இடத்தில் இருந்தது சவுக்குக் கிளைதான். மண் நிரப்பிய எண்ணெய் டின்னில் அதை நட்டு, வண்ணக் காகிதம் சுற்றுவார்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கே பழவேற்காடு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் சவுக்குத் தோப்புகள் உண்டு. மேற்குக் கோடியில் ஆந்திர எல்லையை ஒட்டிய ஆர்.கே.பேட்டைக்குப் பச்சைக் கிளை வந்து சேர்வதற்குள் பாதி காய்ந்துவிடும். இன்று இங்குள்ள பல குடும்பங்கள் திருத்தணியிலோ சோளிங்கரிலோ, ஒரு நடை சென்னை பாரிமுனைக்குப் போயோ பெட்டியில் மடித்து வைத்த மரத்தை வாங்கி வருகின்றன.

மரம் எதனால் ஆனது

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாத்து இறகுகளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, கம்பியில் சுற்றி மரம் செய்தார்கள். 1930களில் தூரிகை செய்யும் இயந்திரங்களைக் கொண்டு மரங்கள் செய்யப்பட்டன. இன்றைய மலிவான மரத்தின் கிளையும் அதே முறையில்தான் உருவாகிறது. மெல்லிய பி.வி.சி. தாளைக் கீற்றாக நறுக்கி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே வைத்து முறுக்குகிறார்கள். பாட்டில் கழுவும் பிரஷ்ஷைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

இன்னொரு வகை பாலிஎதிலீனை அச்சில் வார்த்துச் செய்வது. இலை தடிமனாக, உண்மை இலை போலவே இருக்கும். எடையும் விலையும் அதிகம். இரண்டையும் கலந்து செய்தவையும் கிடைக்கின்றன. வெள்ளைப் பனி தூவியது போன்ற மரம் கண்ணுக்கு அழகுதான். ஆனால் அந்தப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

கடையில் பெட்டி மேலுள்ள படத்தை நம்பாமல் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். கிளையை விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கீற்று கையோடு வந்தால் அது இரண்டாவது கிறிஸ்துமசுக்குத் தாங்காது. கிளை நுனிகளின் எண்ணிக்கையைப் பெட்டியில் 'டிப்ஸ்' என்று போட்டிருப்பார்கள். ஒரே உயரமுள்ள இரு மரங்களில் எண்ணிக்கை கூடியதே அடர்த்தியானது. '6 அடி' என்பது தாங்கியின் அடியிலிருந்து நிமிர்த்திய நுனி வரையுள்ள அளவு. கிளை தொடங்கும் இடத்திலிருந்து அளந்தால் குறைவாகவே இருக்கும்.

மின்விசிறியும் அடித்தாங்கியும்

மேல்நாட்டுக் குறிப்புகள் கூரையின் உயரத்தைப் பார்க்கச் சொல்லும். நம் வீடுகளில் பார்க்க வேண்டியது மின்விசிறியை. மரத்தின் உச்சியில் வைக்கும் நட்சத்திரம் இறக்கையின் சுற்றுக்குள் வரவே கூடாது. மரம் ஓரமாக இருந்தாலும், இலேசான மரத்தை விசிறிக் காற்றே சாய்த்துவிடும். எனவே இரும்புத் தாங்கி உள்ளதையே வாங்குவது நல்லது. பிளாஸ்டிக் தாங்கி என்றால் மணல் வாளியில் இறக்கி வைக்கலாம். அந்தப் பழைய எண்ணெய் டின் ஒன்றும் மோசமான ஏற்பாடு அல்ல.

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு வட்டாரம் விசைத்தறிக்குப் பேர்போனது. வீட்டின் பெரிய அறையைத் தறி பிடித்துக்கொண்டால் மரத்துக்கு ஒரு மூலைதான் மிஞ்சும். அங்கே 6 அடி மரம் நடக்க வழிவிடாது. 3 அல்லது 4 அடி மரத்தை ஸ்டூல் மேல் வைத்து, அதன் காலடியிலேயே குடிலை அமைத்தால் இரண்டும் கண்மட்டத்தில் இருக்கும்.

விளக்கும் தீயும்

கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுவே. பி.வி.சி.யில் குளோரின் இருப்பதால் அது எளிதில் பற்றாது. ஆனால் பற்றினால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். அது கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். ஓரறை வீட்டில் நெருப்பைவிடப் புகையே முதலில் ஆளைச் சாய்க்கும். பாலிஎதிலீன் இன்னும் எளிதாக எரியக்கூடியது. ஆகவே தீத்தடுப்புச் சேர்த்தது என்ற குறிப்பு பெட்டியில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். நூல் பஞ்சு பறக்கும் தறிவீட்டிலும், வைக்கோல் பரப்பிய குடில் பக்கத்திலும் மெழுகுவர்த்தி வேண்டாம்.

பழைய சீரியல் விளக்கு பற்றி மாணவர்களுக்கு ஒரு கணக்கு. தொடர் இணைப்பில் 50 பல்புகள் இருந்தால் 230 வோல்ட்டில் ஒவ்வொன்றுக்கும் 4.6 வோல்ட் கிடைக்கும். கெட்டுப்போன 10 பல்புகளை எடுத்துவிட்டு ஒயரை முறுக்கிச் சேர்த்தால் மீதி 40க்கும் தலா 5.75 வோல்ட். வெளிச்சம் கூடும், சூடும் கூடும், அடுத்த பல்பு சீக்கிரம் போகும். வீட்டில் பெரியவர்கள் இப்படிச் செய்வதைப் பார்த்தால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம். எல்.இ.டி. சரம் சூடாகாது என்பதால் அதுவே மேல். ஜரிகைபோல் மின்னும் உலோக மரத்தில் மின்சரம் சுற்றவே கூடாது. ஒயரின் உறை கிழிந்தால் மரம் முழுவதும் மின்சாரம் பாயும். அமெரிக்காவில் 1960களில் பரவலாக விற்ற அலுமினிய மரங்களுக்குத் தரையில் வைத்த வண்ணச் சுழல்விளக்கால் ஒளி பாய்ச்சியதற்கு இதுவே காரணம்.

மீதிப் பதினோரு மாதம்

பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் கணக்குப்படி 2 மீட்டர் செயற்கை மரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான உமிழ்வு ஆகிறது. அது ஈடாகப் பத்து ஆண்டுகளாவது அதே மரத்தை எடுத்து வைக்க வேண்டும். நம் ஊரில் மரம் கெடுவது டிசம்பரில் அல்ல, கோடையில். திருத்தணிப் பக்கம் வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும். தகரக் கூரையின் அடியில் பரணில் கிடந்தால் கீற்றுகள் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். கட்டிலுக்கு அடியில், பழைய பருத்திச் சேலையில் சுற்றி வையுங்கள். அதற்கு முன் தூசி தட்டி, மழைக்கால ஈரத்தில் துருவேறிய கீல்களைத் துடைத்து, தையல் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். பழைய பி.வி.சி. பொருள்கள் சிலவற்றில் ஈயம் சேர்ப்பதுண்டு. எனவே இலை பொடிந்து உதிரும் மரத்தைக் குழந்தைகள் கையில் கொடுக்காமல் கழித்துவிட வேண்டும்.

கழிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய இரும்புக் கடைக்காரர் தாங்கியையும் கம்பியையும் எடுத்துக்கொள்வார், பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளோடு மரத்தை இறக்கினால் அடுத்த வாரமே போகி வந்துவிடும். தெருவில் எரியும் தீயில் பழைய பாயோடு மரத்தையும் தூக்கிப் போடத் தோன்றும். அந்தக் குளோரின் புகையில் டையாக்சின் போன்ற நஞ்சுகளும் உருவாகக்கூடும். உள்ளாட்சியின் குப்பை வண்டியில் உலர்குப்பையாகக் கொடுத்துவிடுங்கள்.