விசுவாசமும் கிரியையும்



செயலிலே வெளிப்படாத விசுவாசம் உயிரற்ற உடலுக்கு ஒப்பானது என்று யாக்கோபின் நிருபம் உணர்த்துகின்றது. அவ்வுண்மையை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து காட்டியவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அவர், மறு ஆண்டிலே மானிப்பாயில் நோயாளரைப் பேணுவதோடு உள்ளூர் இளைஞருக்கு வைத்தியமும் கற்பிக்கலானார். ஆனால், ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றோர் பலர் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியூர் சென்றனர். கிராமத்து ஏழைகள் வைத்தியரின்றியே வாடினர். இதனை உணர்ந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் போதித்தார். அதற்கு வேண்டிய நூல்கள் தமிழில் இருக்கவில்லை. ஆகவே கலைச்சொற்களை ஆக்கி, இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழர் துணையோடு வெளியிட்டார்.

சுவிசேஷம் பரப்புவதே தம் நோக்கம் என்பதை அவர் மறைத்தாரல்லர். எனினும் அவர் தந்த மருந்தும் கல்வியும் சமய எல்லையைக் கடந்து பயன்பட்டன. 1873இல் அவர் தாயகம் திரும்பினார். அவரிடம் கற்ற தமிழ் வைத்தியரோ இங்கே தொண்டாற்றினர்.

பசித்தவருக்கு உணவளிப்பது நற்கிரியையே. நாம் அகன்ற பின்னரும் அவர் தம் காலில் நிற்குமாறு கற்பிப்பது அதனினும் மேலான நற்கிரியை அன்றோ?