தேசப்படத்தில் எல்லைகளை வாசித்தல்: அந்தீஸ் மலையும் மூன்று நாடுகளும்

மாணவர்களே, உங்கள் தேசப்படப் புத்தகத்தில் தென் அமெரிக்காவுக்கு இரு படங்கள் இருக்கும். ஒன்று அரசியற் படம். மற்றையது பௌதிகப் படம். அதில் தாழ்நிலம் பச்சையாகவும் உயர்நிலம் கபிலமாகவும் காட்டப்பட்டிருக்கும். பலர் முதற் படத்தை மட்டும் பார்த்து நாடுகளின் பெயர்களை மனனம் செய்துவிடுகின்றனர். ஓர் எல்லை ஏன் அவ்விடத்தில் அமைந்தது என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. இரு படங்களையும் அருகருகே வைத்துக்கொண்டு இக்கட்டுரையை வாசியுங்கள்.

முதலில் சிலியை நோக்குவோம். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 4,300 கி.மீ. நீளம்; சராசரி அகலமோ 200 கி.மீ. இற்கும் குறைவு. முருங்கைக்காய் போன்ற இவ்வடிவத்திற்குக் காரணம் பௌதிகப் படத்தில் தெரியும். மேற்கே பசுபிக் சமுத்திரம், கிழக்கே அந்தீஸ் மலைத்தொடர். இவற்றுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய நிலமே சிலி. மலைக்கு அப்பால் ஆர்ஜென்ரீனா உள்ளது.

"அந்தீஸ் மலை இரு நாடுகளையும் பிரிக்கின்றது" என்று எழுதி நிறுத்தினால் விடை பாதியே. மலைத்தொடர் அகலமானது, அதில் எந்த இடத்தில் கோட்டை வரைவது? 1881 ஆம் ஆண்டு உடன்படிக்கை, நீரைப் பிரிக்கின்ற மிக உயர்ந்த சிகரங்கள் வழியாக எல்லை செல்லும் எனக் கூறியது. மழைநீர் ஒரு பக்கம் பசுபிக்கிற்கும் மறுபக்கம் அத்திலாந்திக்கிற்கும் பிரிந்து செல்லும் மேட்டையே நீர்பிரிமேடு என்கிறோம். உயர்ந்த சிகரங்களும் நீர்பிரிமேடும் ஒரே கோட்டில் அமைந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் தெற்கே படகோனியாவில் பனிக்கட்டியாறுகள் மலையை ஆழமாக அரித்திருந்தன. அங்கு சில ஆறுகள் சிகரங்களுக்குக் கிழக்கே தோன்றி, மலையை ஊடறுத்துப் பசுபிக்கை அடைகின்றன. ஆகவே நீர்பிரிமேடு சிகரங்களுக்குக் கிழக்கே அமைந்தது. சிலி நீர்பிரிமேட்டையே எல்லை என்றது. ஆர்ஜென்ரீனா சிகரங்களே எல்லை என்றது. இரண்டுக்கும் இடையில் பெருமளவு நிலம் இருந்தது. பிரித்தானிய மன்னர் ஏழாம் எட்வேர்டின் 1902 ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இரண்டுக்கும் இடையே ஒரு கோட்டை வரைந்தது. உடன்படிக்கையை எழுதியோரிடம் சரியான படம் இருந்திருந்தால் இத்தகராறின் பெரும்பகுதி எழுந்திராது என்றே கருதுகிறேன்.

அடுத்து பொலிவியா. இன்று இதற்குக் கடற்கரை இல்லை, முன்பு இருந்தது. பௌதிகப் படத்தைப் பாருங்கள். பொலிவிய மக்களிற் பலர் உயர்ந்த மேட்டுநிலத்தில் வாழ்ந்தனர். அவர்களுக்கும் கடலுக்கும் இடையே அந்தீஸின் மேற்குத் தொடரும் வரண்ட அட்டக்காமாப் பாலைவனமும் கிடந்தன. சிலி நாட்டவருக்கோ அக்கரைக்குக் கப்பலில் வருவது எளிது. பாலைவனத்தில் பசளைக்கும் வெடிமருந்துக்கும் உதவும் நைத்திரேற்று கண்டறியப்பட்டதும், அங்கு சென்று தொழில் செய்தோரில் சிலி நாட்டவரே மிகுந்திருந்தனர். 1879 இல் போர் மூண்டது. பெரு பொலிவியாவுடன் நின்றும் சிலியே வென்றது. பொலிவியா ஏறத்தாழ 400 கி.மீ. கடற்கரையை இழந்தது, 1904 ஆம் ஆண்டு உடன்படிக்கை இதனை உறுதிப்படுத்தியது. அதன்படி அரிக்காத் துறைமுகத்திலிருந்து லா பாஸ் நகருக்குச் சிலி புகையிரதப் பாதை அமைத்துக் கொடுத்தது. எனினும் பிறர் துறைமுகத்தை நம்பியே ஏற்றுமதி செய்யும் நிலை தொடர்கிறது. கடலுக்கு வழி தருவது பற்றிப் பேச்சுவார்த்தை நடத்தும் சட்டக் கடப்பாடு சிலிக்கு இல்லை எனச் சர்வதேச நீதிமன்றம் 2018 இல் தீர்ப்பளித்தது. கடலற்ற பொலிவியாவுக்கு இன்றும் கடற்படை உண்டு. 3,800 மீற்றர் உயரத்திலுள்ள திதிகாக்கா வாவியில் அதன் படகுகளைக் காணலாம்!

எல்லா எல்லைகளும் தரைத்தோற்றத்தைப் பின்பற்றுவன அல்ல. அடிமட்டம் வைத்துக் கீறியது போன்ற எல்லையைக் கண்டால், அது பெரும்பாலும் ஒரு மேசையில் தீர்மானிக்கப்பட்டது எனக் கொள்ளலாம். எகிப்து-சூடான் எல்லை 1899 இல் 22° வட அகலக்கோட்டில் வைக்கப்பட்டது. மக்களின் மேய்ச்சல் நிலங்களைக் கருதி 1902 இல் வேறொரு நிருவாகக் கோடு வரையப்பட்டது. செங்கடலோர ஹலாயிப் பகுதியைப் பெற எகிப்து முதற் கோட்டையும் சூடான் இரண்டாம் கோட்டையும் பற்றி நிற்கின்றன. இதனால் பிர் தவீல் என்ற சிறு பாலை நிலத்தை இரு நாடுகளுமே கோருவதில்லை.

கடலில் மலையோ ஆறோ இல்லை. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடலெல்லை 1974, 1976 ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் வரையறுக்கப்பட்டது. அக்கோட்டை அலைமேல் காணமுடியாது. படத்தில் மட்டுமே காணலாம். பாக்கு நீரிணையில் தொழில் செய்யும் கடற்றொழிலாளருக்கு அதன் பாரதூரம் நன்கு தெரியும்.

பயிற்சி: தென் அமெரிக்கப் புறவுருவப் படத்தில் அந்தீஸ் மலைத்தொடர், அட்டக்காமாப் பாலைவனம், திதிகாக்கா வாவி, அரிக்கா, லா பாஸ் என்பவற்றைக் குறிக்க. பின்னர் பொலிவியாவின் ஏற்றுமதிப் பொருள் கடலை அடையும் வழியைக் கீறி, அவ்வழியிலுள்ள இரு பௌதிகத் தடைகளை விளக்குக.