அம்முகுடா தந்த ஆட்டக்காரர்

பாலாநகரிலிருந்து கிழக்கே சென்று, சிக்கந்தராபாத் கண்டோன்மென்ட் பகுதியைக் கடந்தால் அம்முகுடா என்னும் ஊர் வரும். இன்று அது மாநகருடன் கலந்துவிட்டது. 1936ஆம் ஆண்டில் அது ஒரு சிற்றூர். அங்குக் குடியேறி வாழ்ந்த ஏழைத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் அவ்வாண்டு பிறந்தவர் துளசிதாஸ் பலராம். இந்தியக் கால்பந்தின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவராக அவர் உயர்ந்தார்.

அவரது திறமையை அடையாளம் கண்டவர், ஐதராபாத் அணியின் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். அம்முகுடாவிலிருந்து நாள்தோறும் பயிற்சிக்கு வந்துபோகப் பலராமிடம் பணம் இல்லை. எனவே, வாடகை மிதிவண்டிக்கு ரஹீமே காசு கொடுத்தார். ரஹீம் முன்னர்ப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கற்பிக்கும் முறையிலும் புதுமை கண்டவர். வலக்காலால் உதைத்துப் பழகியவர்கள் இடக்காலால் மட்டுமே ஆட வேண்டும் என்னும் விதியுடன் அவர் போட்டிகள் நடத்தினார். பந்தைக் காலில் நெடுநேரம் வைத்திருக்காமல் உடனே தோழருக்கு அனுப்பும் பழக்கத்தையும் ஊட்டினார்.

இப்பயிற்சி பலராமுக்கு நன்கு பொருந்தியது. அவர் முன்வரிசை வீரர். ஆயினும் கோல் அருகே காத்து நிற்பவர் அல்லர். நடுக்களத்துக்கு இறங்கி வந்து பந்தைப் பெறுவார். பிறருக்கு வழி அமைத்துக் கொடுப்பார். தாமும் கோல் அடிப்பார். கோல் அடித்தவரின் பெயர் மறுநாள் செய்தித்தாளில் வரும். வழி அமைத்தவரின் பெயர் பெரும்பாலும் வருவதில்லை.

1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அவர் இடம்பெற்றார். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் வலிமை மிக்க அங்கேரியிடம் இந்தியா 1–2 என்ற கணக்கில் தோற்றது. இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் பலராம். பெருவுக்கு எதிராகவும் அவரே கோல் அடித்தார். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்திற்காக ஆடிய அவர், 1961இல் அதன் தலைவராக லீக் பட்டத்தையும் வென்று தந்தார்.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், ரஹீமின் பயிற்சியில் இந்தியா தங்கம் வென்றது. இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2–1 என வீழ்த்தியது. அதன்பின் அப்போட்டியின் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிட்டவே இல்லை. சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் ஆகிய மூவரையும் இரசிகர்கள் ஒருசேரப் போற்றினர். அவ்வாண்டே பலராம் அர்ஜுனா விருது பெற்றார்.

மறுஆண்டே அனைத்தும் முடிந்தது. நுரையீரல் உறையில் ஏற்பட்ட அழற்சி நோயால், இருபத்தேழு வயதுகூட நிறைவுறாத நிலையில் அவர் ஆட்டத்திலிருந்து விலகினார். கோஸ்வாமிக்கும் பானர்ஜிக்கும் பின்னாளில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது, பலராமுக்கு வழங்கப்படவில்லை. அதை அவர் தம் மனக்குறையாக வெளிப்படையாகவே கூறினார்.

அம்முகுடாவில் பிறந்த அவர், முதுமையில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா நகரில் வாழ்ந்தார்; 2023 பிப்ரவரி 16 அன்று கொல்கத்தாவில் காலமானார்.