அசனப் பந்தியில் ஓட்டுக் கணக்கு

ஓட்டுக் கேட்டு வருபவர்கள் தென்மாவட்டங்களில் தவறவிடாத இடம், ஆலயங்களில் ஊர்கூடிச் சாப்பிடும் அசனப் பந்தி. ஓலைப்பாயில் அம்பாரமாகக் குவிந்து ஆவி பறக்கிற சோற்றின் முன் நின்று சேகர குருவானவர் ஜெபிப்பார். பக்கத்தில் கரைவேட்டி, கைகட்டு, குனிந்த தலை. முற்பகலில் ஒரு கரை வந்துபோனால் பிற்பகலில் எதிர்க்கரை. இருவருக்கும் சால்வை உண்டு, கறிக்குழம்பும் உண்டு. “ஐயரவாள், நம்ம சபை ஓட்டு…” என்று வேட்பாளர் இழுப்பார். ஐயரவாள் சிரித்துவைப்பார்.

மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தப்புதான் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் 4–3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஜெபத்துக்குத் தலை குனிவதை எந்தப் பிரிவில் பதிவுசெய்வது?

ஐயரவாளின் அந்தச் சிரிப்புக்கு எத்தனை ஓட்டு விழும் என்பதிலும் எனக்குச் சந்தேகம். 2011 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகையில் கிறிஸ்தவர் 6 சதவீதம். குமரி மாவட்டத்தில் ஏறக்குறைய 47. அந்த 47ஐ ஒரே மூட்டையாகக் கட்டப் பார்ப்பவர் ஏமாறுவார். கடற்கரைக் கத்தோலிக்கருக்குத் தூண்டில் வளைவும் துறைமுகமும் பிரச்சினை. உள்ளூர் சி.எஸ்.ஐ. சபைகளுக்கு வேறு கவலை. பெந்தெகொஸ்தே சபைகள் தனி வழி. இத்தனைக்கும் ஊடே சாதி.

ஒன்றாகக் குரல் கொடுக்காவிட்டால் சிறுபான்மையினரை யார் மதிப்பார்கள் என்று கேட்பவர்கள், தமிழக அரசின் 2002 மதமாற்றத் தடைச் சட்டத்தைக் காட்டுவார்கள். 2004 மக்களவைத் தேர்தல் முடிவுக்குப் பிறகு அது வாபஸானது உண்மைதான்.

ஆனால் கரைவேட்டி ஆலயத்துக்குள் வருவதைவிட, அது நடத்துகிற அரசியல் அங்கே குடியேறிவிட்டதுதான் எனக்குப் பெரிய கவலை. சி.எஸ்.ஐ. திருமண்டல (மறைமாவட்ட) நிர்வாகத் தேர்தல் நடக்கும் ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். சேகரத்துக்குச் சேகரம் அணிகள், வேட்பாளர் படங்களோடு பிளெக்ஸ், நள்ளிரவு வரை வாட்ஸ்அப் வசவு. ஓட்டுப்பதிவு நாளில் ஆலய வாசலில் போலீஸ் வேன். தகராறு முற்றினால் உயர் நீதிமன்றம். பிறகு, திருச்சபையை நிர்வகிக்க ஓய்வுபெற்ற நீதிபதி. இந்து கோயில் நிர்வாகத்தில் அரசு தலையிடலாமா என்ற வாதத்தை ஆர்வமாகக் கேட்கும் நம்மவர்கள், தாங்களே நீதிமன்றக் கதவைத் தட்டி ஆள் கேட்பதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

இவ்வளவு ஆவேசமும் வேதத்துக்காக என்று நம்ப முடியவில்லை. மிஷனரிகள் விட்டுப்போன பள்ளிகள், கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள், நிலம் எல்லாம் திருமண்டலத்தின் கையில் இருக்கின்றன. அரசு உதவிபெறும் பள்ளியில் சம்பளம் கொடுப்பது அரசு, ஆளைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். ஓர் ஆசிரியர் பணியிடம் காலியானால் அதன் மதிப்பு என்னவென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்; யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தாளாளர் நாற்காலிக்கு இத்தனை போட்டி ஏன் என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. வெளிக் கட்சிக்காரர்களும் இந்த அணிகளுக்குப் பின்னால் நின்று ஆள் பழக்கிக்கொள்கிறார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கு அதே ஆள்கள்தான் பூத் ஏஜென்ட்.

வாக்காளர் பட்டியலிலேயே சண்டை தொடங்கிவிடும். காணிக்கை பாக்கி என்று ஒரு வீட்டின் பெயர் விடுபடும். பம்பாயில் பிழைக்கிறவர் பெயர் எப்படியோ ஏறியிருக்கும். முடிவு வந்த பிறகு பள்ளிகளில் இடமாற்ற உத்தரவுகள் வரும். தோற்ற அணிக்கு அலைந்த ஆசிரியர் எந்த ஊருக்குத் தூக்கியடிக்கப்பட்டார் என்று பார்த்துத்தான், அடுத்த தேர்தல் வரை யாரோடு யார் பேசலாம் என்பதே சபையில் முடிவாகிறது.