ஒட்டுப்போர்வைக்கு ஃபிளீஸ்: ஓர் அடுக்கே போதும்

தையல் முடிந்தபின் எஞ்சும் வெட்டுத் துணிகளைச் சதுரங்களாக நறுக்கி, ஒன்றோடொன்று இணைத்துப் போர்வை தைப்பது சிக்கனமான கைத்தொழில். இத்தகைய ஒட்டுப்போர்வைக்குப் பொதுவாக மூன்று அடுக்குகள் உண்டு. மேலே ஒட்டுத் துணி, நடுவே பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. இரவுச் சந்தைகளில் மென்மையான ஃபிளீஸ் துணி மலிவாகக் கிடைப்பதால், பஞ்சு விரிப்புக்குப் பதிலாக அதனை நடுவில் வைக்கலாமா, அடித்துணியாக இடலாமா, இரண்டு இடத்திலும் இட்டால் இன்னும் நன்றாக இருக்குமா என்னும் ஐயம் எழுவது இயல்பே.

ஃபிளீஸ், ஆட்டுக் கம்பளி அன்று. அது பாலியெஸ்டர் என்னும் செயற்கை இழையால் ஆனது. 1979ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இது உருவாக்கப்பட்டது. 1993ஆம் ஆண்டு முதல், பழைய பிளாஸ்டிக் புட்டிகளை உருக்கி எடுத்த இழையிலிருந்தும் இது தயாரிக்கப்பட்டு வருகிறது. இத்துணியின் மேற்பரப்பில் இழைகள் கிளப்பிவிடப்பட்டிருக்கும். அவற்றின் இடையே தங்கும் காற்றே உடற்சூட்டை வெளியேறாமல் காக்கிறது. ஆனால், பருத்தி வியர்வையை உறிஞ்சுவது போல் பாலியெஸ்டர் உறிஞ்சுவதில்லை.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். குளிர் நாடுகளின் தேவை வேறு; நம் தேவை வேறு. நமது சமவெளித் தோட்டங்களில் அடைமழை இரவிலும் கடுங்குளிர் இல்லை. நடுவிலும் அடியிலும் ஃபிளீஸ் வைத்துத் தைத்தால், பிள்ளை நள்ளிரவில் வியர்த்து விழித்துக்கொள்ளும்; வேர்க்குருவும் தோன்றக்கூடும். விடியுமுன் எழுந்து பால்வெட்டச் செல்ல வேண்டிய தாய்க்கும் தந்தைக்கும் அந்த உறக்கம் திரும்பக் கிடைக்குமா? ஆகவே மேலே பருத்தி ஒட்டுத் துணி, கீழே ஃபிளீஸ், நடுவில் ஒன்றும் வேண்டா. இதுவே நமக்கேற்ற முறை. புழுக்கமான இரவில் பருத்திப் பக்கம் உடலில் படுமாறு போர்த்தலாம். மழையிரவில் திருப்பிப் போர்த்தலாம். கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடங்களில் வாழ்வோர் மட்டும் நடுவில் மற்றோர் அடுக்கைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தைக்கும் முறை வருமாறு: பருத்தித் துணிகளை முதலில் நனைத்துத் துவைத்து உலர்த்துங்கள். பருத்தி சுருங்கும், ஃபிளீஸ் சுருங்காது. முன்னரே துவைக்காவிடில் பின்னர் போர்வை கோணலாகும். ஆறரை அங்குலச் சதுரங்களாக 108 துண்டுகள் வெட்டுங்கள். கால் அங்குலம் உள்விட்டு, வரிசைக்கு 9 வீதம் 12 வரிசைகளாக இணைத்தால், 54 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் கொண்ட மேல்துணி கிடைக்கும். ஃபிளீஸ் பெரும்பாலும் 60 அங்குல அகலத்தில் விற்கப்படுவதால், 2 மீட்டர் வாங்கினால் ஒட்டுப் போடாமலே அடித்துணி ஆகிவிடும்.

ஃபிளீஸைத் தரையில் இழுக்காமல் விரித்து, மேல்துணியை அதன்மீது பரப்பி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஊக்குகளைக் குத்துங்கள். ஃபிளீஸ் இழுபடும் இயல்புடையது. இழுத்துத் தைத்தால் சுருக்கம் விழும். உருண்டை முனை ஊசியைப் பூட்டி, தையலைச் சற்று நீளமாக வைத்து, அழுத்துபாதத்தின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பஞ்சு இல்லாமையால் நெருக்கமான தையல் தேவையில்லை. சதுரங்களின் இணைப்புக் கோட்டின்மேல் தைத்தாலே போதுமானது. ஃபிளீஸின் வெட்டிய ஓரம் நூல் பிரியாது. எனவே ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விட்டு நறுக்கி, அதையே மேற்பக்கம் மடித்துத் தைத்துவிடலாம். கரைத்துணி வாங்கும் செலவும் மிச்சம். வேலை முடிந்தபின், இயந்திரத்தில் சேர்ந்த பஞ்சுத்தூளைத் தூரிகையால் அகற்ற மறவாதீர்கள்.

இப்போர்வை விரைவில் உலரும். மழைக்காலத்தில் இது பெரும் உதவி. குளிர்ந்த நீரில் துவைப்பது நலம். ஃபிளீஸ் பக்கத்தில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தல் கூடாது, இழை உருகிவிடும்.

இறுதியாக, இரண்டு எச்சரிக்கைகள். தீப்பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கொசுவத்திச் சுருள், மெழுகுவத்தி, விளக்கு ஆகியவற்றின் அருகில் இப்போர்வையை வைக்கலாகாது. அடுத்து, ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும்போது எந்தத் தளர்ந்த போர்வையையும் போர்த்தலாகாது. அது முகத்தை மூடி மூச்சைத் தடுக்கக்கூடும், உடற்சூடும் மிகுதியாகும். பேரப்பிள்ளைக்கென ஆசையுடன் தைத்த போர்வையானாலும், முதலாண்டு முடியும்வரை அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருங்கள். மெல்லிய பருத்திச் சட்டையே அக்குழந்தைக்குப் போதுமானது.